அம்மாவின் ஊசியிலும் அண்ணனின் காரிலும் இருப்பது ஒரே நானோவா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. ஊசி மருந்தில் சாதாரண வகையும் இருக்கிறது, "நானோ" வகையும் இருக்கிறது, இரண்டாவது விலை கூட என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதே கிழமையில் அண்ணன் காருக்கு நானோ பூச்சு போட்டுக்கொண்டு வந்தாராம். அப்பாவின் புறக்கோட்டைக் கடைக்கு நானோ வெள்ளிக் காலுறை விற்க ஒருவர் வந்தாராம். தான் முகத்துக்குப் பூசுகிற சன்ஸ்கிரீன் குப்பியிலும் அதே சொல். "2021இல் நானோ யூரியா என்று கொண்டுவந்து வயலுக்கு அடித்தார்களே, இதெல்லாம் அந்த மாதிரிக் கதையா? உண்மை என்றால், இவ்வளவு சின்னது உடம்புக்குள் போவது ஆபத்தில்லையா?" என்று முடித்திருந்தார்.

பல கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தச் சொல்லைக் கண்டால் கூடக் காசு கொடுப்பதா, விலகிப் போவதா? அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒருவர் "தூள்" என்று சொன்னால் மிளகாய்த்தூளா மரத்தூளா என்று கேட்கிறோம். நானோவும் அப்படித்தான், அளவைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. எந்தப் பொருள், அது எதற்குள் எப்படிப் பிடிபட்டு இருக்கிறது, உடம்புக்குள் போனால் எந்த வழியால் போகும் என்று கேட்டால்தான் விடை வரும். நான் இரசாயனவியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் கொழும்பைச் சுற்றியுள்ள தொழிற்சாலை ஆய்வுகூடங்களில் வேலை, முதலில் இறப்பர், பிறகு துணி. வைத்தியன் இல்லை. அம்மாவின் மருந்து பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை அந்த எல்லைக்குள் வைத்து வாசியுங்கள்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீற்றர் வரும். 1இல் இருந்து 100 நானோமீற்றர் வரை உள்ள துணிக்கைகளைத்தான் பொதுவாக நானோப் பொருள் என்கிறோம், மருந்துகளில் அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் அப்படியே சொல்வார்கள். அந்த அளவில் அப்படி என்ன விசேஷம்? முதலில் மேற்பரப்பு. தேங்காய்ப் பாதியை அப்படியே வெந்நீரில் போட்டு வைத்தால் பால் வராது, துருவினால்தான் வரும். தேங்காய் மாறவில்லை, தண்ணீர் தொடக்கூடிய இடம் கூடிவிட்டது. 1 சென்ரிமீற்றர் கனக்கட்டி ஒன்றுக்கு மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 10 நானோமீற்றர் கட்டிகளாக வெட்ட முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 24 பேர்ச் காணி. விரல் நுனியில் வைக்கக்கூடிய கட்டிக்குள் அவ்வளவு இடம். இரசாயன வேலை எல்லாம் மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பதால் இது பெரிய விஷயம்.

இரண்டாவது ஒளி. தங்கத்தை 20, 40 நானோமீற்றர் துணிக்கையாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். மைக்கல் பரடே 1857இலேயே இதை எழுதி வைத்தார். இதை நீங்களும் கண்ணால் கண்டிருப்பீர்கள். கொரோனா நேரத்தில் வீட்டில் செய்த அன்டிஜன் பரிசோதனைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். மூக்கில் எடுத்த திரவத்தில் இரண்டு மூன்று துளி விட்டதும் ஒரு இளஞ்சிவப்பு நிறம் பட்டையில் மெல்ல ஊர்ந்துபோய் ஒரு கோட்டில் சேர்ந்து நிற்கும். அனேகமான பட்டைகளில் அந்தச் சிவப்பு தங்கம்தான். தங்கத் துணிக்கையில் எதிர்ப்புடலை ஒட்டி வைத்திருப்பார்கள், வைரஸின் புரதம் இருந்தால் கோட்டில் பிடிபடும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் பெரும்பாலும் இதே வேலைதான். பெட்டியில் நானோ என்று ஒரு எழுத்துக்கூட இருக்காது.

எனக்குப் பழக்கமான நானோப் பொருளுக்கும் யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை. காபன் பிளாக் என்போம், புகைக்கரிதான். விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண் மைக்குக் கரி பிடிப்பார்களே, அதன் தொழிற்சாலை வடிவம். டயர் கறுப்பாக இருப்பது அதனால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கலவை அறையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். தூளைத் தொடுகிற உணர்வே இல்லை, எண்ணெய்க்குள் கை விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பிறகு தேசிக்காய், எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மூன்று நாள் கறுப்பு. டயருக்கு வழக்கமாகப் போடும் ஒரு வகையில் அடிப்படைத் துணிக்கை 30 நானோமீற்றருக்குள்தான். அதில் ஒரு கிராமுக்கு மேற்பரப்பு 78 சதுர மீற்றர் அளவில் வரும். வெள்ளவத்தையில் 840 சதுர அடி ஃபிளாட் என்றால் அந்தத் தரை முழுவதும் ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடித்து வைத்தது போல. அந்த மேற்பரப்பு முழுக்க இறப்பர் பிடித்துக்கொள்கிறது. 100 கிலோ இறப்பருக்கு 50 கிலோ அளவில் கரி போட்ட கலவையையும் போடாத கலவையையும் தேய்மானச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தால் பக்கத்திலேயே வைக்க முடியாது. போடாதது பென்சில் அழிப்பான் மாதிரித் துகள் துகளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். 1910களில் டயர் கறுப்பான பிறகுதான் அதற்கு நீண்ட ஆயுள் வந்தது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கைக்கு இன்று இருக்கும் பெயருக்கு உள்ளே இருப்பது இந்தக் கரிதான். உலகத்தில் மிக அதிகமாகப் பாவிக்கப்படும் நானோப் பொருட்களில் ஒன்று, நூறு வருடத்துக்கு மேல் நம் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆபத்து பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை விட அந்தக் கலவை அறையில் பார்த்துத் தெரிந்துகொண்டது கூட. அதே கரி மூட்டையில் தூளாக இருக்கும்போது மூக்குக்குள் போகிறது, சுவாசப்பையின் அடி வரை போகக்கூடியது. அதனால்தான் கலவை அறை ஆட்களுக்கு நல்ல முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம் வேண்டும் என்று நாங்கள் சண்டை பிடித்தோம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் காபன் பிளாக்கை "புற்றுநோய் தரச் சாத்தியம் உள்ளது" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இறப்பருக்குள் போய் வெந்து இறுகிய பிறகு அது இறப்பரின் பகுதி, டயரைத் தொட்டால் கரி உள்ளே போகாது. ஒரே பொருள்தான், மூட்டையில் வேறு, டயரில் வேறு. காபன் நானோக் குழாய் என்று இன்னொன்று இருக்கிறது, மின்கலங்களிலும் பலமான பிளாஸ்டிக்கிலும் சேர்க்கிறார்கள். அதில் நீளமும் விறைப்புமான சில வகை, எலிகளில் அஸ்பெஸ்டஸ் நார் செய்வதைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதாக 2008இல் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரையில் அஸ்பெஸ்டஸ் ஓடு வெட்டும்போது ஜன்னலைச் சாத்தத் தெரிந்த நமக்கு இது விளங்கும். பயப்பட வேண்டியவர் யார் என்று என்னைக் கேட்டால், பொருளை வாங்குகிறவருக்கு முன் அதைச் செய்கிறவரைத்தான் சொல்வேன்.

இனிப் பெயர் இருந்தும் பொருள் இல்லாத கதை. 2006 மார்ச்சில் ஜெர்மனியில் "மெஜிக் நானோ" என்று ஒரு குளியலறைத் தெளிப்பான் சந்தைக்கு வந்தது. சில நாட்களுக்குள் 100 பேரளவில் மூச்சுத் திணறல், சிலரை வைத்தியசாலையில் சேர்க்க வேண்டி வந்தது. நானோ ஆபத்து என்று உலகம் முழுக்கச் செய்தி. பிறகு சோதித்துப் பார்த்தால் அதற்குள் நானோத் துணிக்கையே இல்லை. விற்பதற்காக வைத்த பெயர். ஆட்களுக்கு வந்த வருத்தம் மட்டும் உண்மை, காரணம் நுண்ணிய துளியாகச் சுவாசப்பைக்குள் போன தெளிப்பு. அதனால் எந்தத் தெளிப்பானையும், அதில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், மூடிய குளியலறைக்குள் நின்று அடிக்காதீர்கள்.

அண்ணனின் காருக்கு வருவோம். செரமிக் பூச்சு, நானோ பூச்சு என்று விற்பது அனேகமாகச் சிலிக்கா சார்ந்த திரவம், காய்ந்தால் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறுகும். தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓடும், அழுக்கு கெதியாகக் கழுவுப்படும், அது உண்மை. ஆனால் "9எச் கடினம்" என்று சொல்லி விற்கிறார்களே, அது பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் கீறினாலும் கீறல் விழவில்லை என்பதுதான் அர்த்தம், வைரத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். சின்னக் கல் தெறித்தால் பெயின்ற் போகும். பூசுவதற்கு முன் மேற்பரப்பை எவ்வளவு நன்றாகத் தயார் செய்தார்கள் என்பதில்தான் பாதிக் காசு இருக்கிறது. உங்கள் உடம்புக்கு இதில் ஒன்றும் இல்லை.

சன்ஸ்கிரீனில் நானோவுக்கு நல்ல காரணம் உண்டு. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு நிற்பார்களே, அது நாக (சிங்க்) ஒட்சைட்டு, பெரிய துணிக்கை. அதையே 100 நானோமீற்றருக்குக் கீழே அரைத்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்காது, அதனால் வெள்ளை தெரியாது. ஆனால் புற ஊதாக் கதிரைத் தொடர்ந்து உறிஞ்சும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூளும் அப்படியே. புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளும் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும்தான் அதன் மூலப்பொருள். மணலைக் கப்பலில் ஏற்றுகிறோம், வெள்ளைத் தூளை விலை கொடுத்து வாங்குகிறோம். அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஐரோப்பாவில் 2013இல் இருந்து அழகுசாதனப் பொருட்களின் உட்பொருள் பட்டியலில் நானோ அளவில் இருப்பதன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் "நானோ" என்று போட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் குப்பியில் கண்டது அதுவாக இருக்கும். விளம்பரத்துக்காக எழுதியது இல்லை, அறிவிப்பு. தோலில் புண் இல்லாவிட்டால் இந்தத் துணிக்கைகள் மேலே இருக்கும் இறந்த தோல் படையைத் தாண்டி உயிருள்ள படைகளுக்குள் குறிப்பிடத்தக்க அளவில் போவதில்லை. பல ஆய்வுகள் ஒத்துப்போகும் முடிவு இது. கொழும்பு வெயிலுக்கு நான் தயங்காமல் பூசுவேன். பூசுவதுதான், தெளிக்க மாட்டேன். தெளித்தால் வழி மாறிவிடுகிறது, தோலுக்குப் பதில் சுவாசப்பை. ஐரோப்பிய நிபுணர் குழுவும் சுவாசப்பைக்குள் போகக்கூடிய வகைகளில் இதைப் பாவிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சாப்பாட்டில் வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு வேறு விவகாரம். மரபணுவுக்குச் சேதம் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற காரணத்தால் 2022இல் ஐரோப்பா அதை உணவில் தடை செய்தது. கேடு நிரூபிக்கப்பட்டுத் தடை செய்யவில்லை, சந்தேகம் தீராததால் தடை செய்தார்கள். இனிப்புக்கும் கேக் அலங்காரத்துக்கும் வெள்ளை நிறம் அவ்வளவு அவசியமா என்று பார்த்தால் எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அப்பாவின் கடைக்கு வந்த வெள்ளிக் காலுறை எனக்கு நேரடி அனுபவம் உள்ள சாமான். வெள்ளி கிருமியைக் கொல்லும், அதில் சந்தேகம் இல்லை. தீக்காயத்துக்குக் கட்டும் வெள்ளித் துணிகள் வைத்தியசாலைகளில் எத்தனையோ வருடமாகப் பாவனையில் இருக்கின்றன. துணிக்கையில் இருந்து வெள்ளி அயன்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருவதுதான் கிருமியைக் கொல்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: கரைந்தால்தான் வேலை செய்யும், கரையக் கரையக் குறையும். துணி ஆலையில் இருந்தபோது ஒரு விநியோகஸ்தர் கொண்டுவந்த வெள்ளிப் பூச்சைப் பருத்தித் துணியில் ஏற்றிக் கழுவிப் பார்த்தோம். 50 கழுவலுக்கு நிற்கும் என்று கடதாசியில் எழுதியிருந்தது. ஐந்தாவது கழுவல் தண்ணீரிலேயே வெள்ளி நிறைய வந்துவிட்டது, பத்தாவதுக்குப் பிறகு துணியில் கிருமி சாதாரணமாக வளர்ந்தது. நூலுக்குள்ளேயே வெள்ளியை வைத்து இழுத்த வேறொரு மாதிரி நன்றாகத் தாக்குப் பிடித்தது. அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 2008இல் கடையில் வாங்கிய காலுறைகளைக் கழுவிப் பார்த்தபோதும் இதே கதைதான், சிலவற்றில் நாலு கழுவலுக்குள் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியும் போய்விட்டது, சிலவற்றில் நின்றது. போகிற வெள்ளி கானுக்குள் போய், அங்கே இருக்கும் நல்ல பக்ரீரியாவுக்கும் நஞ்சாகலாம். அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள்: வெள்ளி நூலில் இருக்கிறதா மேலே பூசியதா, எத்தனை கழுவலுக்குப் பிறகு எந்த ஆய்வுகூடம் சோதித்தது என்று கேட்கட்டும். விற்க வந்தவரிடம் அந்தக் கடதாசி இல்லை என்றால் சாதாரணப் பருத்திக் காலுறையே போதும்.

நானோ யூரியாவைப் பற்றி ஆறுதலாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் அந்தச் சொல்லின் பெயர் கெட்டது அங்கேதான். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. பெரும்போகம் தொடங்கும் நேரம் வயலுக்குப் போட ஒன்றும் இல்லாமல், ஒக்டோபர், நவம்பரில் இந்தியாவில் இருந்து விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் திரவ நானோ நைதரசனை. 500 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம் என்பது விளம்பரம். கணக்கைப் பாருங்கள். போத்தலில் நைதரசன் 4 வீதம், அதாவது 20 கிராம் அளவில். மூட்டையில் 46 வீதம், 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மண்ணில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் காற்றிலும் தண்ணீரிலும் வீணாகிறது, இலையில் அடித்தால் வீணாவது குறைவு என்பது சரி. ஆனால் வீணாவதையே முற்றாக நிறுத்தினாலும் இரண்டு மூன்று மடங்குதான் மிச்சம் பிடிக்கலாம், ஆயிரம் மடங்கு எங்கே இருந்து வரும்? நெல்மணிக்குள் இருக்கும் புரதத்தில் நைதரசன் எடை போட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது, அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். 2023இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு தாவர விஞ்ஞானிகள் ஓர் ஆய்விதழில் இந்தக் கேள்வியையெல்லாம் கேட்டு, விளம்பரம் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் யூரியாவில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் இதை அடித்துப் பார்த்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. தயாரித்த நிறுவனம் தன் வயல் பரிசோதனைகளில் நல்ல பலன் என்கிறது. எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. அந்தப் போகத்தில் நம் கமக்காரர்கள் பட்ட நட்டத்துக்கு முதற்காரணம் பசளையை நிறுத்தியது. போத்தல் அந்த ஓட்டையை அடைக்கும் என்று நம்பவைத்தது அதற்கு மேலே வந்த துயரம்.

ஆனால் அதே யூரியாவை வைத்து இந்த நாட்டிலேயே நல்ல வேலையும் நடந்தது. 2008இல் தொடங்கிய, இப்போது ஹோமாகமவில் இருக்கும் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் ஹைட்ரொக்சிஅபடைற்று என்ற கனியத்தை நானோத் துணிக்கையாக்கி, அதன் மேற்பரப்பில் யூரியாவைப் பிணைத்தார்கள். எடைக்கு 6 பங்கு யூரியா, 1 பங்கு கனியம். தண்ணீரில் போட்டால் சாதாரண யூரியாவை விட 12 மடங்கு மெதுவாக நைதரசன் வெளியே வந்தது. வயலில் வழக்கமான யூரியாவில் பாதி அளவோடு விளைச்சல் குறையாமல் நின்றது. இங்கே யாரும் ஆயிரம் மடங்கு என்று சொல்லவில்லை. நைதரசன் போதுமான அளவு உள்ளே இருக்கிறது, நானோ செய்வது அதைப் பிடித்து வைத்து மெல்ல விடும் வேலை மட்டும். கணக்கு ஒத்துவருகிறது. பரிசோதனை வயலில் நின்றது எல்லா மண்ணிலும், எல்லாப் போகத்திலும், கமக்காரர் தாங்கும் விலையில் நிற்குமா என்பது வேறு கேள்வி. இருந்தாலும் நானோ யூரியா என்ற ஒரே பெயரில் இவ்வளவு வித்தியாசமான இரண்டு சாமான் இருக்கலாம் என்று காட்ட இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அம்மாவின் மருந்து. உடம்புக்குள் நானோவை ஊசியால் ஏற்றுவது புதிதில்லை. கொழுப்பு உருண்டைக்குள் டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்த முதல் வகைக்கு அமெரிக்கா 1995இல் அனுமதி கொடுத்தது. ஃபைசர், மொடேர்னா கொரோனாத் தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏவை, அதாவது வைரஸின் புரதத்தைச் செய்யும் குறிப்பைக் கலத்துக்குக் கொண்டுபோகும் மூலக்கூறைச் சுற்றி இருந்ததும் 100 நானோமீற்றர் அளவிலான கொழுப்பு உருண்டைதான். அது இல்லாவிட்டால் எம்ஆர்என்ஏ கலத்துக்குள் போக முன்னமே சிதைந்து போயிருக்கும். 2021 ஜூலையில் ஃபைசர் இங்கே வந்தபோது அவ்வளவு குளிரில் வைக்க வேண்டி வந்ததும் அந்த உருண்டையும் எம்ஆர்என்ஏவும் கெடாமல் இருக்கத்தான். இலங்கையில் கூடுதலான பேருக்குப் போட்ட சினோபாமில் அப்படி உருண்டை கிடையாது. இந்தக் கொழுப்பை உடம்பு உடைத்து அகற்றிவிடும், காபன் குழாய் போலக் கிடந்து குத்தாது. "சின்னது உள்ளே போனால் ஆபத்தா" என்ற கேள்விக்கு இதுதான் என் விடை: உள்ளே போனதை உடம்பால் உடைத்து வெளியேற்ற முடியுமா என்று பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய், சாதாரணம் ஒன்று நானோ ஒன்று என்றால் அனேகமாக அது பக்லிடாக்செல் ஆக இருக்கும். அந்த மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் சாதாரண வகையை ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த ஒரு கரைப்பானிலும் மதுசாரத்திலும் கரைத்துத் தருகிறார்கள். சிலருக்கு வரும் ஒவ்வாமைக்கு அந்தக் கரைப்பான் பெரிய காரணம், அதைத் தடுக்க முதலே ஸ்டீரொயிட் ஊசி போட்டு, வழக்கமாக மூன்று மணித்தியாலம் மெதுவாக ஏற்றுவார்கள். நானோ வகையில் கரைப்பான் இல்லை. நம் இரத்தத்திலேயே இருக்கும் அல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து 130 நானோமீற்றர் அளவுத் துணிக்கையாக்கியிருக்கிறார்கள், அரை மணித்தியாலத்தில் ஏற்றலாம். இதற்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு இடங்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில் கட்டி சுருங்கியவர்கள் நானோ வகையில் 33 வீதம், சாதாரண வகையில் 19 வீதம் என்று அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வு சொன்னது. மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் நீடித்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. பிறகு இரண்டையும் வாராவாரம் ஏற்றி ஒப்பிட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் நானோ வகை மேலாக வரவில்லை, பக்க விளைவு கூடியது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு நானோ வகைக்கு நல்ல முடிவு காட்டியது, இன்னோர் ஆய்வு பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே கரைப்பான் ஒவ்வாமையைத் தவிர்க்கலாம், நேரம் மிச்சம் என்பது உறுதி. நோயை அதிகமாகக் குணப்படுத்துமா என்பது அம்மாவின் நோய் எந்த வகை, எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது, அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் வைத்தியர் மட்டும்.

நானோ மருந்து கட்டியைத் தேடிக் குறிபார்த்துப் போய் அடிக்கும் என்று வீடியோக்களில் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். பல வருட விலங்கு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் பார்த்தபோது, ஏற்றிய நானோத் துணிக்கையில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 வீதம்தான். பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இந்த மருந்துகளின் பயன் பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குக் கேடு குறைவது, அல்லது கேடு வேறு இடத்துக்கு மாறுவது. டொக்சோரூபிசினின் கொழுப்பு வகை இதயத்துக்குச் செய்யும் பாதிப்பைக் குறைக்கிறது, ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவது கூடுகிறது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சாதாரண வகையை எடுப்பதால் அம்மாவுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று மனம் நோக வேண்டாம். அந்த மருந்து முப்பது வருடமாக உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. முன்பு சாதாரண வகைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால், அல்லது சீனி வருத்தத்தால் ஸ்டீரொயிட் கொடுக்க வைத்தியர் தயங்கினால், நானோ வகைக்குக் காசு தேடுவதில் நியாயம் இருக்கிறது. வெளியே பாமசியில் வாங்கச் சொன்னால் துண்டில் எழுதிய பெயரை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகைக்கும் அளவு வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே மில்லிகிராமில் ஏற்ற முடியாது. "இதுவும் அதுதான்" என்று கடையில் சொன்னால் வாங்காமல் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுங்கள். எந்த வகை ஏற்றினாலும் கை கால் விரல் மரத்துப்போவது வரக்கூடும், நானோ வகையில் அது கூட: 2005 ஆய்வில் கடுமையான மரப்பு 10 வீதம் பேருக்கு, சாதாரண வகையில் 2 வீதம். அம்மாமார் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் சட்டைப் பொத்தான் போட, ஊசியில் நூல் கோர்க்க, தரையில் கிடக்கும் சில்லறைக் காசைப் பொறுக்கச் சிரமப்படுகிறாரா என்று பார்த்துத் தேதியோடு எழுதி வைத்து, அடுத்த ஊசிக்கு முன் வைத்தியரிடம் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.